நொதியப்பனுக்கு வேலை போன கதை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பாடப்புத்தகம் மூன்று வினைச்சொற்களில் பதில் சொல்லிவிடும்: வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், போனார்கள். பரீட்சைக்கு இது போதும். ஆனால் ஏறக்குறைய இருநூறு வருஷம் ஓர் ஊரில் குந்தியிருந்த கூட்டத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியுமென்றால், ஒன்று அந்தக் கூட்டம் சும்மாவே இருந்திருக்க வேண்டும், இல்லை நாம் விசாரிக்க வேண்டிய ஆளை விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டோம் என்பது என் கட்சி. விடுபட்ட அந்த ஆளை இந்தக் கட்டுரை முடியும்வரை நொதியப்பன் என்று அழைப்போம். ஆள் ஒரு நொதி, ஆய்வுக்கூடத்துப் பெயர் பீட்டா குளுக்கோசிடேஸ். பிறந்து வளர்ந்தது அவுரி இலைக்குள்ளே.

முதலில் முதலாளிமாரைப் பார்த்துவிடலாம். வரலாற்றில் எப்போதும் அவர்களுக்குத்தான் முன்வரிசை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் பிறந்தது. பிறந்ததும் ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் தீவுகளுக்கு ஓடியது. அங்கே காசை நீட்டினால் தீவுக்காரர்களுக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. சோழமண்டலக் கரைத் துணி இருந்தால் எடு என்றார்கள். ஆக, ஜாதிக்காய் வேண்டுமானால் துணி வேண்டும், துணி வேண்டுமானால் பழவேற்காடு வேண்டும். வந்து கிடங்கு போட்டார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசியர்கள் வந்து அந்தக் கிடங்கை அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மூட்டை கட்டும்வரை, இந்தக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையகம் இந்த ஏரிக்கரை ஊர்தான். ஆங்கிலேயர்களும் 1620களில் இங்கே டச்சுக்காரரோடு கூட்டுக்குடித்தனம் நடத்திப் பார்த்தார்கள். கூட்டுக்குடித்தனம் எப்படி முடியுமோ அப்படியே முடிந்தது. வடக்கே துர்க்கராயப்பட்டினத்துக்குப் போனார்கள், அங்கும் சரிப்படவில்லை, 1639இல் தெற்கே ஒரு மணல்திட்டை எழுதி வாங்கினார்கள். அந்த மணல்திட்டிலிருந்து கிளம்பும் புறநகர் வண்டியில்தான் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள்.

இதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினார்கள். அதைக் கிண்டலாக எழுதக் கை வரவில்லை. எழுதாமல் தாண்டவும் மனம் வரவில்லை.

துணிக்கு வருவோம். மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘பெலிகாட்’ என்று நம் ஊரின் பெயர்தான். ஊரே தன்னை மறந்தாலும் கைலி மறக்கவில்லை. அந்தக் காலத்துத் துணியின் மதிப்பு நூலில் பாதி என்றால் சாயத்தில் மீதி. சிவப்புக்குச் சாயவேர். நீலத்துக்கு அவுரி. சாயமேற்றிய துணி மட்டுமல்ல, அவுரிநீலமே கட்டி கட்டியாகக் கரையோரத்துத் துறைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது.

இங்கேதான் வேடிக்கை. அவுரி இலையில் நீலம் இல்லை. இலை பச்சை. பிழிந்தாலும் பச்சை. கசக்கினாலும் கிட்டத்தட்ட பச்சை. நீலம் எங்கிருந்து வருகிறது என்பது, அதைக் கப்பல் கப்பலாக விற்ற எவருக்கும் தெரியாது. தெரியாத சரக்கை விற்றுக் கோட்டை கட்டலாம் என்பதற்கு கெல்டிரியா நல்ல உதாரணம்.

காயவைத்த இலையிலிருந்து நீலம் எடுப்பது தென்னாட்டில் ஒரு வழக்கம். பச்சை இலையை அப்படியே ஊறப்போடுவது இன்னொரு வழக்கம். நம் ஆளுக்குப் பச்சை இலைதான் ராசி. கரைக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமத்துத் தொட்டியடியில், ஒரு கம்பெனிக் குமாஸ்தாவும் துபாஷும் தொட்டி மேஸ்திரியும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை, நான் கற்பித்ததுதான்.

“எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று துரை கேட்கிறார்.”

“பதம் வர்ற வரைக்கும் ஊறணும் சாமி.”

“பதம் எப்போது வருமாம்?”

“வந்தா தெரியும் சாமி.”

துபாஷ் திரும்பி, அன்றைய கரைமொழியான போர்ச்சுக்கீசியத்தில், “பன்னிரண்டு மணி நேரம்” என்று மொழிபெயர்த்திருப்பார். துரைமார்களுக்கு எண் வேண்டும். மேஸ்திரியிடம் எண் இல்லை, மூக்கு இருந்தது. தண்ணீரின் வாசனை மாறுவது, மேலே நுரை கட்டுவது, நிறம் மஞ்சள் கலந்த பச்சைக்குத் திரும்புவது, இதையெல்லாம் பார்த்து மடையைத் திறந்துவிடுவார். மூன்று பேரில் உள்ளே வேலை நடப்பதை அறிந்தவர் அவர் ஒருவர்தான். யார் வேலை செய்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

உள்ளே நடந்தது இது. அவுரி இலையின் ஒவ்வொரு செல்லிலும் இண்டிகன் என்ற நிறமில்லாத சரக்கு ஓர் அறையில் பூட்டியிருக்கிறது. அதன்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருப்பதால் அது சாதுவாகத் தண்ணீரில் கரைந்து கிடக்கும். நொதியப்பன் வேறொரு அறையில், பசுங்கணிகத்தில் இருக்கிறான். செடி உயிரோடு இருக்கும்வரை இருவருக்கும் சந்திப்பே கிடையாது. இலையை அறுத்துத் தொட்டியில் அமுக்கியதும் செல்லின் சுவர்கள் தளர்கின்றன, அறைகள் ஒன்றாகின்றன, நொதியப்பன் வேலையில் இறங்குகிறான். அவன் செய்வது ஒரே ஒரு வேலை: இண்டிகனிலிருந்து சர்க்கரையை வெட்டி எடுப்பது. மிச்சம் நிற்பது இண்டாக்சில். இந்த இண்டாக்சில் இரண்டிரண்டாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் நீலம்.

ஆள் இல்லாமல் இதே வெட்டை நடத்த முடியாதா? முடியும். அமிலத்தை ஊற்றிக் காய்ச்ச வேண்டும். எந்த வேதிவினைக்கும் தொடங்குவதற்கு முன் ஏற வேண்டிய ஒரு மேடு உண்டு. அமிலமும் நெருப்பும் சரக்கை முரட்டுத்தனமாக உதைத்து மேட்டைத் தாண்ட வைக்கும். நொதியப்பன் மேட்டையே தணித்துவிடுகிறான். அதனால்தான் குளத்துத் தண்ணீரின் சூட்டிலேயே, அடுப்பு இல்லாமல், வேலை முடிகிறது. முடிந்த பிறகு அவன் செலவழிந்தும் போவதில்லை. அடுத்த இண்டிகனுக்குப் போய்விடுவான். நொதிகளில் சில அசுர வேகக்காரர்கள். நம் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக் கொடுக்கும் ஒரு நொதி, ஒற்றை மூலக்கூறாக நின்று, விநாடிக்குப் பத்து லட்சம் உருப்படி முடிக்கும். இந்த விகிதத்தில் பீஸ் ரேட் கொடுத்தால் சிப்காட்டில் ஒரு கம்பெனியும் தாங்காது.

ஆனால் ஆள் நாசூக்கு. வேலைக்கு வைக்கும்போது நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்ந்தால் சோம்பேறி. மார்கழித் தொட்டியும் சித்திரைத் தொட்டியும் ஒரே நேரத்தில் பதம் வராது; பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அப்படியானால் கொதிக்கவிட்டால் நிமிஷத்தில் முடியுமே என்று முதலாளி மூளை கணக்குப் போடும். போட்டால் அவ்வளவுதான். நொதி என்பது ஒரு புரதச் சங்கிலி, குறிப்பிட்ட விதமாக மடிந்து நிற்கிறது. அந்த மடிப்பில் உள்ள ஒரு குழிதான் அவன் கைத்தொழில். சூடு எல்லை மீறினால் மடிப்பு அவிழும், குழி கலையும், ஆள் வெறும் புரதம். குளிரில் தூங்கியவனை எழுப்பலாம். கொதியில் போனவன் போனவன்தான். மேஸ்திரிகள் இதைக் காரணம் தெரியாமலே கடைப்பிடித்தார்கள்: ஊறும் தொட்டிக்கு அடுப்பு கிடையாது, கடைசியில் கிடைக்கும் நீலச் சேற்றை மட்டும் காய்ச்சுவார்கள். இனி யாரும் உள்ளே புளிக்க வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்தது புளிப்பும் காரமும். நம் ஆளுக்கு லேசான புளிப்பு பிடிக்கும். சுண்ணாம்பு ஆகாது. ஆனால் இண்டாக்சில் நீலமாகிப் படிவதற்குச் சுண்ணாம்பு உதவும். இப்படி இரண்டு கட்டங்களுக்கும் ஒத்துவராத பழக்கம் இருந்தால் என்ன செய்வது? நம் ஆட்கள் இரண்டு தொட்டி கட்டினார்கள். மேலே ஊறல் தொட்டி, கீழே அடிக்கும் தொட்டி. மேலே நொதியப்பன் தன் புளிப்பில் வேலை முடிப்பான். மடையைத் திறந்து தண்ணீரைக் கீழே இறக்கிய பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் சேரும். நீலம் அடித்த எந்தக் கிராமத்திலும் அமில கார அளவுகோல் இருந்ததில்லை. அந்த அளவுகோலையே டேனிஷ்காரர் சோரன்சன் 1909இல்தான் கொண்டுவந்தார், அதுவும் நொதிகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில்.

கீழ்த்தொட்டியில் நொதிக்கு வேலை இல்லை. அங்கே மனிதர்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மட்டைகளால் மணிக்கணக்காக அடித்துக் காற்றை உள்ளே புகுத்துவார்கள். பச்சைத் தண்ணீர் கண்ணெதிரே நீலமாகும். அடித்தவர்கள் தோலும் நீலமாகும். மேல்தொட்டி வேலையாளுக்குக் கூலி இல்லை, கீழ்த்தொட்டி வேலையாளுக்குக் கூலி இருந்தும் இல்லாததுபோல. கம்பெனியின் லாபம் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது.

இந்த நீலத்தைத் துணியில் ஏற்றுவது இன்னொரு தலைவலி. நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் போகாது. சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு சாலில் போட்டார்கள். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தங்கள் நொதிகளைக் கொண்டு நீலத்தின்மேல் எலக்ட்ரான்களை ஏற்றி, கரையும் மஞ்சள் வடிவத்துக்கு மாற்றும். துணியை முக்கி எடுத்துக் காற்றில் விரித்தால் மறுபடி நீலம், இந்த முறை நூலுக்குள்ளேயே. கவனியுங்கள், இந்தச் சாலில் வேலை பார்க்கும் கூட்டத்துக்குக் காரம்தான் சொர்க்கம். நொதியப்பன் இங்கே ஒரு நாள் தாங்கமாட்டான். ஒரே துணிக்குப் புளிப்புக்காரன் ஒருவன், காரக்காரர்கள் ஒரு கூட்டம். இரண்டு தரப்பையும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை வாங்கிய நம் சாயக்காரருக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கு மட்டும் மண்டை ஓடும் எலும்புமாகச் சிற்பவேலை பிரமாதமாக இருக்கிறது.

டச்சுக்காரர்கள் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நீலத்தின் தலைநகரம் அதற்குள் வங்காளத்துக்கும் பீகாருக்கும் போயிருந்தது. அங்கே தோட்டத் துரைமார்கள் உழவர்களை மிரட்டி அவுரி போடவைத்தார்கள். 1859இல் வங்காளத்தில் கலகம் வெடித்தது. அது தனிப் புராணம்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் ஒரு பெரிய குடுமிப்பிடி. புளிப்பது என்பது உயிருள்ளவற்றின் காரியம் என்று பாஸ்டர். அதெல்லாம் இல்லை, வெறும் வேதியியல் என்று லீபிக். கூனே என்ற ஜெர்மானியர் 1877இல் ‘என்சைம்’ என்று பெயர் சூட்டினார். ஆளைப் பிடிப்பதற்கு முன்பே பெயர் ரெடி. 1894இல் எமில் பிஷர், பாதாம் கொட்டையிலிருந்து எடுத்த ஒரு நொதியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். அது சர்க்கரையை ஒரு பக்கமாக ஒட்டினால் வெட்டியது, மறுபக்கமாக ஒட்டினால் தொடவே இல்லை. நொதிக்கும் சரக்குக்கும் இடையே, பூட்டுக்கும் சாவிக்கும் உள்ளதுபோன்ற பொருத்தம் இருக்க வேண்டும் என்று எழுதினார். உலகத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இன்றும் வரையும் படம் அது. அந்தப் பாதாம் நொதியும் ஒரு பீட்டா குளுக்கோசிடேஸ்தான், நொதியப்பனுக்குப் பங்காளி. பங்காளிக்குப் புகழ் வந்துவிட்டது, நம் ஆள் பீகார்த் தொட்டியில் அநாமதேயமாக ஊறிக்கொண்டிருந்தான். பூட்டு அவ்வளவு விறைப்பானதல்ல, சாவி நுழையும்போது தானும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று 1958இல் கோஷ்லண்ட் திருத்தினார். பாடப்புத்தகங்கள் திருந்த இன்னும் நாளாகும்.

பிறகு 1897. இந்த வருஷத்தை நொதியப்பனின் ஜாதகத்தில் சிவப்பு மையால் வட்டமிடலாம். அந்த வருஷம் எடுவார்ட் புக்னர் என்பவர் ஈஸ்ட்டை மணலோடு போட்டு அரைத்து, பிழிந்து சாறு எடுத்தார். சாறு கெடாமலிருக்கச் சர்க்கரை கலந்தார். உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத சாறு குமிழிவிட்டுப் புளிக்கத் தொடங்கியது. ஆக, வேலை செய்வது உயிர் இல்லை, உயிருக்குள்ளிருக்கும் கருவி. 1907இல் நோபல் கொடுத்தார்கள். தொட்டிக்குள் இருப்பது பூதமா பிசாசா என்ற கேள்விக்கு முடிவு கட்டிய வருஷம் அது.

அதே 1897இல், அதே ஜெர்மனியில், பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியது. இலை வேண்டாம், தொட்டி வேண்டாம், மூக்கு வேண்டாம். அதற்கு அவர்கள் 1 கோடியே 80 லட்சம் தங்க மார்க் கொட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆனால் திருப்புமுனை ஓர் உடைந்த வெப்பமானி. சாப்பர் என்ற வேதியியலார் நீலத்துக்கான மூலப்பொருளுக்காக நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடு காய்ச்சிக்கொண்டிருந்தபோது வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே சிந்தியதாம். முக்கி முக்கி நகராத வினை, பாதரசம் பட்டதும் பறந்தது. பாதரசமும் ஒரு வினையூக்கிதான், நொதியப்பனின் தொழில்தான். ஆனால் வேலையிடத்தைப் பாருங்கள்: புகையும் அமிலம், இருநூறு டிகிரிக்கு மேல் கொதிப்பு. நொதியப்பன் குளத்துத் தண்ணீரில் செய்ததற்குப் போட்டியாக. இன்னொரு கொடுமை, பாதரசம் நொதிகளுக்குப் பரம வைரி. புரதத்திலுள்ள கந்தகத்தைப் பிடித்துத் தொங்கி மடிப்பைக் குலைத்துவிடும். நம் ஆளின் வேலையைப் பறித்தவன், பக்கத்தில் வந்தால் உயிரையும் பறிப்பான்.

பீகார்த் தோட்டங்கள் பதறின. அப்போதுதான், முந்நூறு வருஷ வியாபாரத்துக்குப் பிறகு முதல்முறையாக, தொட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கச் சொல்லிச் சம்பளத்துக்கு வேதியியலாரை வைத்தார்கள். ஜாவாவில் டச்சுக்காரர்களும் அதையே செய்தார்கள். கிளாட்டன் ஊரின் ஆய்வு நிலையத்தில் ஹேசவிங்கல் என்பவர் இலையில் நொதி இருப்பதையும் அது இண்டாக்சிலைப் பிரித்துத் தருவதையும் கண்டறிந்தார். போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று முதலில் அதை ரகசியமாக வைத்து, 1900 வாக்கில்தான் வெளியே விட்டார்கள். மூழ்கும் கப்பலின் வரைபடத்தைத் திருடர்களிடமிருந்து பத்திரப்படுத்தியதுபோல ஆயிற்று. 1904இல் பீகாரில் பெர்க்தெய்ல், நீலத்துக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, செடியின் சொந்த நொதிதான் என்று எழுதினார். நொதியப்பனுக்கு அடையாள அட்டை கிடைத்தது. கம்பெனி வாசலில் பூட்டும் தொங்கியது. சந்தை சரிய, துரைமார்கள் நஷ்டத்தை உழவர்கள் தலையில் கட்ட, சம்பாரணில் காந்தி போய் இறங்கியது 1917இல்.

ஆள் புரதம்தான் என்று நிரூபிக்க இன்னும் ஒருவர் வேண்டியிருந்தது. வேட்டையில் ஒரு கையை இழந்த அமெரிக்கர் சம்னர், 1926இல் வாளவரைக் கொட்டையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். நோபல் பெற்ற வில்ஸ்டேட்டர் உட்பட ஜெர்மானியப் பெருந்தலைகள் நம்ப மறுத்தார்கள். 1946இல் சம்னருக்கும் நோபல் வந்தது. இதற்கு மேல் அந்தச் சண்டையில் சுவாரஸ்யம் இல்லை.

அவுரி இன்று அடியோடு போய்விடவில்லை. திண்டிவனம் பக்கம் தொட்டிகள் உண்டு, நொதியப்பன் அங்கே இன்னும் ஊறுகிறான், இயற்கைச் சாயம் கேட்கும் வெளிநாட்டுக்காரர் தயவில். ஆனால் உலகத்து நீலத்தில் பெரும்பங்கு ஆலையில் பிறந்து ஜீன்ஸில் முடிகிறது. காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் வண்டி காலியாகும்போது பாருங்கள், எத்தனை கால்கள் நீலம் என்று. உருட்டாலைகளுக்குப் பீகாரிலிருந்து வந்து இறங்கிய பையன்களின் கால்களும் அதில் அடக்கம். அவர்களில் எவனாவது சம்பாரண்காரனாக இருந்தால், அவன் கொள்ளுத்தாத்தா மிரட்டலுக்குப் பயந்து பயிர் செய்த நிறத்தை இவன் காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறான். அதுவும் வெளுத்துப்போனதாகப் பார்த்து.

அந்த வெளுப்பில்தான் நொதிகளின் குலத்துக்கு மறுவாழ்வு. முதலில் ஜீன்ஸை வெளுக்க எரிமலைக் கல்லோடு போட்டு உருட்டினார்கள்; கல் துணியையும் கிழித்தது, இயந்திரத்தையும் தேய்த்தது. 1980களின் கடைசியில் செல்லுலேஸ் என்ற நொதி உள்ளே வந்தது. அவன் பூர்வீகமும் ரசமானது. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை ஒரு பூஞ்சை தின்று தீர்த்தது. எதிரியைப் பிடித்துவந்து ஆராய்ந்தார்கள். பருத்தியை அரிக்கும் நொதியைக் கொட்டுவதில் அந்த டிரைக்கோடெர்மா பூஞ்சைக்கு இணை இல்லை என்று தெரிந்தது. கூடாரத்தைத் தின்றவனுக்கே பிற்பாடு ஜீன்ஸில் உத்தியோகம்.

செல்லுலேஸ் நீலத்தைத் தொடுவதில்லை. நூலின் மேல்தோலை மட்டும் மெல்ல அரிக்கிறான். மேல்தோலில் ஒட்டிய நீலம் தானாக உதிர்கிறது. நிபந்தனைகள் அதே குடும்பப் பழக்கம்: ஐம்பது டிகிரி வாக்கில் சூடு, லேசான புளிப்பு. நொதியை அளவோடு ஊற்றிவிட்டு ஜீன்ஸை மட்டும் மலைபோலக் குவித்தால் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது. எல்லாக் குழிகளும் நிரம்பிவிட்டால் மிச்சச் சரக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும். இந்த வரிசைக்கு 1913இலேயே பெர்லினில் மைக்கேலிசும் மாட் மென்டனும் கணக்கு எழுதிவிட்டார்கள். மென்டன் கனடாவிலிருந்து கப்பலேறிப் போய் அந்தக் கணக்கைப் போட்ட பெண்மணி. அவுரித் தொட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே ஒவ்வொரு இலையும் தன் ஆளைத் தானே கூட்டிவந்துவிடும்.

ஒரு சிக்கல்தான் பாக்கி. அரிக்கத் தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியாது. விட்டால் ஜீன்ஸ் கோவணமாகும்வரை வேலை பார்ப்பான். அதனால் கேட்ட அளவுக்கு வெளுத்ததும் மேற்பார்வையாளர் சூட்டை ஏற்றிவிட்டு, சோடாக் காரத்தைத் தொட்டியில் விடச் சொல்வார். மடிப்பு அவிழும், குழி கலையும், தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அடுத்த லோடுக்கு டப்பாவிலிருந்து புது ஆள்.